இராமாயணம்: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா

ஜப்பானிய, இந்தியக் கலைஞர்கள் இணைந்து கையால் வரைந்து உருவாக்கிய முழுநீள அசைவூட்டத் திரைப்படம். வால்மீகி இராமாயணத்தைத் தழுவியது. 1992இல் நிறைவடைந்தது. இயக்கம்: யூகோ சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன். இசை: வனராஜ் பாட்டியா.

தோற்றம்: 1983இல் தொல்லியல் அறிஞர் பி. பி. லாலின் அகழாய்வு பற்றிய ஆவணப்படத்துக்காக இந்தியா வந்த சாகோ, இராமகதையில் ஈடுபாடு கொண்டார். நடிகர்களைவிட ஓவியமே இராமனைக் காட்டப் பொருத்தமானது என்று கருதினார். கடவுளைக் கேலிச்சித்திரமாக்குவதா என்று இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. அரசின் கூட்டுத் தயாரிப்பு கைகூடவில்லை. எனவே பெரும்பகுதி வேலை ஜப்பானிலேயே நடந்தது.

கலைநுட்பம்: ராம் மோகன் 1956இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸிடம் பயின்றவர். வேட்டி கட்டும் முறை, கைகூப்பி வணங்கும் பாங்கு போன்றவற்றை இந்தியக் குழுவினர் ஜப்பானிய ஓவியர்களுக்கு விளக்கினர். உடை, கட்டடம், உடல்மொழி ஆகியவற்றில் இந்தியத்தன்மையும், போர்க்காட்சிகளிலும் இயற்கைப் பின்னணிகளிலும் ஜப்பானிய அனிமே மரபும் தெரிகின்றன. மூலப் படத்தின் உரையாடல் ஆங்கிலம், பாடல்கள் சமஸ்கிருதம்.

வரவேற்பு: தொடக்கத்தில் இந்தியத் திரையரங்குகளில் பரவலாக வெளியாகவில்லை. பின்னர் தொலைக்காட்சி வழியாக ஒரு தலைமுறைச் சிறுவர்களைச் சென்றடைந்தது. இந்தி மொழிமாற்றத்தில் இராமனுக்கு நடிகர் அருண் கோவில் குரல் கொடுத்தார். சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் காலமாயினர். 2025 ஜனவரியில், 4கே தரத்தில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் படம் திரையரங்குகளுக்கு வந்தது.