சந்தேகத்தின் கதை – 14: பறிபோன பெட்டி

1580 நவம்பர் 30. ரோம் நகரின் போர்ட்டா டெல் போபொலோ வாசலில், பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேனின் பெட்டிகளைக் கீழே இறக்கச் சொன்னார்கள். போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

சுங்கக்காரர்கள் துணிமணியைக்கூட ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். புத்தகம் என்று கண்ணில் பட்ட அத்தனையையும் சோதனைக்கென்று வாரிக்கொண்டார்கள். அவர்கள் சந்தேகப்பட்ட லட்சணத்தைக் கேளுங்கள். மாதா ஜெபப் புத்தகம் ஒன்று இருந்தது. அது ரோமில் அச்சாகவில்லை, பாரிஸில் அச்சானது, ஆகவே ஆகாது. ஜெர்மானியக் கத்தோலிக்க அறிஞர்கள் புராட்டஸ்டன்டுகளை மறுத்து எழுதிய நூல்களும் ஆகாது. மறுப்பதற்காகவாவது எதிராளி சொன்னதை எடுத்து எழுதியிருக்கிறார்களே! சுவிட்சர்லாந்தின் வரலாறு ஒன்றைப் பிறகு திருப்பித் தரவே மறுத்துவிட்டார்கள். அதை மொழிபெயர்த்தவர் புராட்டஸ்டன்டாம். இத்தனைக்கும் அவர் பெயர் புத்தகத்தில் எங்குமே இல்லை.

அந்தக் குவியலில்தான் மொந்தேனே எழுதிய 'கட்டுரைகள்' நூலும் போனது. அதே ஆண்டில் போர்தோ நகரில் சிமோன் மில்லாஞ் அச்சிட்டது, இரண்டு பாகம். டிசம்பர் 29 அன்று போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரியின் பாதத்தை மொந்தேன் முத்தமிட்டார். முத்தத்துக்கு வசதியாகப் போப்பாண்டவர் கால்விரல் நுனியைச் சற்றே உயர்த்திக் கொடுத்ததுவரை பயணக் குறிப்பில் இருக்கிறது. புத்தகம் மட்டும் அதிகாரிகளின் கையிலேயே இருந்தது.

பயப்பட வேண்டிய சரக்கு அதில் உண்மையிலேயே இருந்தது. இரண்டாம் பாகம், 12-ஆம் அத்தியாயம். நூலிலேயே மிக நீளமானது.

அதன் பூர்வீகம் வேடிக்கையானது. ரெமோன் சபோன் என்ற 15-ஆம் நூற்றாண்டு இறையியலாளர், கிறிஸ்தவத்தின் உண்மைகளை எல்லாம் இயற்கையைப் பார்த்தே, பகுத்தறிவைக் கொண்டே நிரூபித்துவிடலாம் என்று ஒரு நூல் எழுதியிருந்தார். அப்பா கேட்டுக்கொண்டதால் மொந்தேன் அதைப் பிரெஞ்சில் பெயர்த்து 1569-ல் வெளியிட்டார். சபோனின் வாதங்கள் பலவீனமானவை என்று சிலர் குறை சொன்னார்கள். அவருக்காக வாதாடத்தான் இந்த அத்தியாயம்.

வாதாடிய விதம்தான் வினோதம். 'சபோனின் வாதம் பலவீனமா? சரி, யாருடைய வாதம் பலமானது, காட்டுங்கள்' என்று ஆரம்பித்து, மனித அறிவின் அஸ்திவாரத்தையே பெயர்த்துப் போட்டுவிடுகிறார். தன் கட்சிக்காரரைக் காப்பாற்ற, உலகத்தில் எந்தச் சாட்சியையுமே நம்ப முடியாது என்று வாதிடும் வக்கீலை நினைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரரும் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்.

ஓரிடத்தில், மெல்லிய இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் ஒரு தத்துவஞானியை ஏற்றி, நோத்ர தாம் கோபுர உச்சியில் தொங்கவிடுகிறார். கீழே விழ வழியே இல்லை என்று அறிவு சொல்கிறது. ஆனால் குனிந்து பார்த்தால் உடம்பு நடுங்குகிறது. இந்த அறிவை வைத்துக்கொண்டா கடவுளை அளக்கப் போகிறீர்கள் என்பது அவர் கேள்வி.

இதற்கான ஆயுதம் பழைய கிரேக்கச் சந்தேகவாதி செக்ஸ்டஸ் எம்பிரிகஸிடமிருந்து வந்தது. 1562-ல் ஆன்ரி எஸ்தியென் அவருடைய ஒரு நூலை லத்தீனில் பதிப்பித்தார். 1569-ல் இன்னொரு நூலைக் கொண்டுவந்த ஜான்சியான் எர்வே, கால்வின் கட்சிப் புராட்டஸ்டன்டுகளை முறியடிக்க இது உதவும் என்றே முன்னுரையில் எழுதினார். அறிவால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாதென்றால், பைபிளை நானே படித்துத் தீர்ப்புச் சொல்வேன் என்பவரின் பேச்சு எடுபடாதல்லவா? பழைய திருச்சபையோடு இருந்துவிடுவதே மேல் என்றாகிவிடும். மதப்போர் பற்றி எரிந்த பிரான்சில், சந்தேகவாதம் விசுவாசத்தின் காவலாளியாக வேலைக்குச் சேர்ந்தது இப்படித்தான். மொந்தேனின் கத்தோலிக்கப் பற்று நடிப்பென்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுதத்தின் அபாயமும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதே அத்தியாயத்தில், பெயர் சொல்லாத ஒரு சீமாட்டியை எச்சரிக்கிறார்: எதிரியின் வாளைப் பறிப்பதற்காக நம் வாளையும் கைவிடுகிற கடைசி வித்தை இது; அபூர்வமாகவே பயன்படுத்துங்கள்.

1581 மார்ச் 20 மாலை தீர்ப்பு வந்தது. தணிக்கைக்குப் பொறுப்பான டொமினிக்கன் துறவி சிஸ்டோ ஃபாப்ரிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒரு பிரெஞ்சுத் துறவி படித்துச் சொன்ன குறைகளைத்தான் அவர் அடுக்கினார். 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லை ஏன் புழங்குகிறீர்? மதவிரோதிகளான கவிஞர்களின் பெயரை ஏன் சொன்னீர்? கிறிஸ்தவத்தைத் துறந்த ஜூலியன் சக்கரவர்த்திக்கு ஏன் பரிந்து பேசினீர்? வெறும் மரண தண்டனைக்கு மேற்பட்ட சித்திரவதை எல்லாம் கொடுமை என்று ஏன் எழுதினீர்?

தவறென்று நினைத்து எழுதவில்லை, அது என் அபிப்பிராயம் என்றார் மொந்தேன். சிலவற்றைப் படித்தவரே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் சொன்னார். கூட இருந்த இன்னொரு இத்தாலியர் எதிர்வாதம் செய்தபோது, ஃபாப்ரியே மொந்தேனுக்காகச் சாமர்த்தியமாகப் பேசினாராம்! ஏப்ரல் 15 அன்று விடைபெறப் போனபோது, அந்தக் குறைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வெட்ட வேண்டியதை நீங்களே பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள் என்று வழியனுப்பினார்கள். ஊர் திரும்பிய மொந்தேன் 'அதிர்ஷ்ட'த்தைக்கூட வெட்டவில்லை.

மொந்தேன் எழுதிவைத்திருக்கும் அந்தக் குறைப்பட்டியலில் 12-ஆம் அத்தியாயத்தின் சந்தேகவாதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெபப் புத்தகத்தையே சந்தேகித்தவர்கள், சந்தேகத்தையே தத்துவமாக்கிய அத்தியாயத்தைக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் ஒருவர் கண்டுகொண்டார். அவரும் கத்தோலிக்கப் பாதிரியார்தான், பேர்போன பிரசங்கி: பியேர் ஷாரோன். 1586 ஜூலை 2 அன்று மொந்தேனின் மாளிகையில் அவருக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. கப்புச்சின் சபைக்கே தலைவராக இருந்து, 1542-ல் புராட்டஸ்டன்டுகளின் ஜெனீவாவுக்குத் தப்பியோடிய பெர்னார்தினோ ஒக்கினோ எழுதிய, தடை செய்யப்பட்ட புத்தகம்!

பரிசோடு போன பாதிரியார், 15 ஆண்டுகள் கழித்து அதே மில்லாஞ் அச்சகத்தில் தன் சொந்த நூலைக் கொடுத்தார். இந்த முறை ரோம் 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லோடு விட்டுவிடவில்லை.

(தொடரும்)