செட்டிநாட்டின் மூவண்ணம்

ஒரு சமூகத்தின் செல்வம் வந்த வழியையும் போன வழியையும் சொல்லும் நூல்கள் பல உண்டு. அச்சமூகம் தன் கண்ணுக்கு உகந்தவை எனத் தேர்ந்துகொண்ட நிறங்களின் வரலாறோ அரிதாகவே எழுதப்படுகிறது. காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டை உற்றுநோக்கும்போது மூன்று நிறங்கள் நம் கண்ணில் மீண்டும் மீண்டும் படுகின்றன: செங்கல்லின் சிவப்பு, கடுகின் மஞ்சள், இவ்விரண்டையும் வரம்பு கட்டி நிறுத்தும் கருமை. பெண்கள் உடுத்திய கண்டாங்கிச் சேலையில் இவை விளங்கின. அவர்கள் நடந்த ஆத்தங்குடிப் பூக்கல் தரையிலும், பச்சையும் நீலமும் இடையிடையே கலந்தாலும், இவையே மேலோங்கி நின்றன.

முதலில் தரையைப் பார்ப்போம். சிமெண்டுக் கல்லில் வண்ணம் வார்க்கும் கலை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வளர்ந்தது. அங்கே இயந்திர அழுத்தத்தால் செய்ததை ஆத்தங்குடிக் கைவினைஞர் ஒரு கண்ணாடித் துண்டைக்கொண்டு சாதித்தனர். கண்ணாடியின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் சிமெண்டில் கரைத்த நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகின்றனர். அச்சை எடுத்தபின் உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் மணற்சாந்தை இட்டு நிரப்புகின்றனர். கல் இறுகி, நீரில் ஊறி, வெயிலில் காய்கிறது. கண்ணாடி தன் வழவழப்பைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறது. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பூக்கல்லில் இடும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று பொடிகளும் இரும்பின் ஆக்சைடுகளே. ஒரே இரும்பு, உயிர்வளியோடு கூடும் அளவாலும் நீரோடு கூடும் விதத்தாலும் மூன்று முகம் காட்டுகிறது. மூன்றும் ஒன்றோடொன்று இணங்கி நிற்பதில் புதுமை என்ன? அவை உடன்பிறந்தவை அல்லவா!

இனிச் சேலைக்கு வருவோம். கண்டாங்கி, கனத்த பருத்தி நூலில் கட்டங்களும் அகன்ற கரையும் கொண்டு நெய்யப்படுவது. வீட்டுப் பணிகளுக்கு ஈடுகொடுக்கும் உழைப்பின் உடை அது. தென்னகத்தில் பருத்திக்கு அழியாச் சிவப்பை முன்னாளில் தந்தது மணற்பாங்கான கடற்கரைகளில் விளைந்த சாயவேர். அவ்வேரின் நிறப்பொருளான அலிசாரினை 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலார் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். சில பத்தாண்டுகளில் சாயவேர் தோண்டியோரின் பிழைப்பு ஓய்ந்தது. ஆயின் சிவப்பு ஓயவில்லை. வேரை விட்டு ஆலைக்குக் குடிபெயர்ந்தது.

செட்டிநாட்டு மாளிகைகளின் பொற்காலம் ஏறத்தாழ 1850 முதல் 1940 வரை நீண்டது. பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் நகரத்தார் ஈட்டிய பொருள் தேக்காகவும் பளிங்காகவும் வந்து இறங்கியது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. 1962-இல் அங்கு அமைந்த இராணுவ ஆட்சி வணிகத்தை நாட்டுடைமையாக்கியது. வருவாய் வற்றவே பல வீடுகள் பூட்டப்பட்டன. சில இடிக்கப்பட்டு, தூணும் கதவும் தனித்தனியே விலைபோயின.

அப்போதும் அழியாது நின்றவை எவை? கடல் கடந்து வந்த பளிங்கைப் புதிதாக வரவழைக்க ஆளில்லை. உள்ளூர் மணலில் வார்த்த கல்லோ இன்றும் வார்க்கப்படுகிறது. உள்ளூர்த் தறியில் நெய்த சேலையோ இன்றும் நெய்யப்படுகிறது. செல்வரின் பெட்டகத்தில் இருந்தது கரைந்தது. தொழிலாளியின் கைப்பழக்கத்தில் இருந்தது நிலைத்தது.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. 2019-இல் கண்டாங்கிச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. பெருமைதான். எனினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றித் தறியில் அமர்ந்திருப்பவரின் அடுப்பை எரியவைக்காது. அதே கட்டமும் அதே நிறமும் விசைத்தறியில் மலிவாக வருகின்றன. பூக்கல்லின் சாயலை ஆலைத் தரையோடுகள் அச்சிட்டுத் தருகின்றன. நாம் நிறத்தை மட்டும் விரும்பி, அதைத் தந்த கையை மறந்தோமாயின், சாயவேர் தோண்டியோருக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேரும்.

நம் இல்லத்துக்கும் உடலுக்கும் நிறம் தேரும் வேளையில் அழகா என்று கேட்கிறோம். விலை என்ன என்றும் கேட்கிறோம். அவ்விலையில் செய்தவர் வாழ முடியுமா என்னும் மூன்றாம் கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்.