மொரீசியஸ் தீவின் தலைக்கணக்கு

மடகஸ்காருக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்திலுள்ள மொரீசியஸ் தீவுக்குப் பூர்வீகக் குடிகள் என்று எவருமில்லை. 1598இல் ஒல்லாந்தர் கரையிறங்கியபோது அங்கு டோடோப் பறவைகள் இருந்தன, மனிதர் இருக்கவில்லை. இன்று ஏறக்குறைய 2,040 சதுர கிலோமீற்றர் பரப்பில் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். குடிச்செறிவில் அது எமது நாட்டை ஒன்றரை மடங்குக்கு மேல் விஞ்சி நிற்கிறது. அத்தனை பேரும் கப்பலில் வந்தோரின் வழித்தோன்றல்களே.

பிரெஞ்சுக்காரர் மொசாம்பிக்கிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்தனர். 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொன்னே காலத்தில் புதுச்சேரித் தமிழ்க் கைவினைஞர்கள் போட் லூயிஸ் நகரை எழுப்ப அழைக்கப்பட்டனர். 1810இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது நட்டஈடு பெற்றவர்கள் அடிமைகளல்லர், அவர்தம் எசமானர்கள்! பின்னர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் வந்தனர். எமது மலையகத்துக்குக் கங்காணிமார் ஆள் திரட்டியதும் அந்த நூற்றாண்டிலேதான். 1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பத்துப் பேரில் அறுவர் இந்தியராயினர்.

1968இல் சுதந்திரம் கிடைத்தபோது அரசியலமைப்பு இம்மக்களை நான்காகப் பகுத்தது: இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர், பொதுக் குடியினர். இப்பகுப்பை மாணவர்க்கு விளக்குகையில் இவ்விடத்தில் நான் சற்று நிறுத்துவதுண்டு. ஒரே கப்பலில் வந்த இரு கூலிகள் சமயத்தால் பிரிக்கப்பட்டனர். சீனரோ பூர்வீக நாட்டால் பிரிக்கப்பட்டனர். முன்னைய மூன்றிலும் அடங்காதோர் யாவரும் பொதுக் குடியினர். ஆகவே அடிமையின் பேரனும் எசமானின் பேரனும் ஒரே கட்டத்துள் அமர்ந்தனர்!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. பொதுத் தேர்தலில் பிரதிநிதித்துவம் குறைந்த சமூகத்தவருக்கு, தோற்ற வேட்பாளர்களிலிருந்து எட்டு ஆசனங்கள் வரை பகிர்ந்தளிக்க இப்பகுப்பே அளவுகோல். ஆயினும் 1972க்குப் பின்னர் எந்தக் குடிசன மதிப்பீட்டிலும் சமூகம் பற்றிய வினா கேட்கப்படவில்லை. எனவே அதன் பின் பிறந்த தலைமுறைகளின் ஆசனங்களும் அந்தப் பழைய கணக்கைக் கொண்டே பங்கிடப்பட்டு வந்துள்ளன.

தமிழரின் நிலையோ விசித்திரமானது. அரசியலமைப்பில் அவர் இந்துக்களுள் அடங்குவர். குடிசன மதிப்பீட்டுச் சமயப் பட்டியலிலோ 'தமிழ்' என்பது தனியானதொரு சமயப் பெயராகவே காணப்படுகிறது. தைப்பூசம் அங்கு அரச விடுமுறை நாள். ஆனால் பெரும்பாலான தமிழ் இல்லங்களில் புழங்குவது கிரியோல் மொழி. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் பத்துப் பேரில் எண்மருக்கு மேல் அதனையே வீட்டில் பேசினர். மொழியை ஆசிரியத் தொழிலாகக் கொண்ட எனக்கு, பேச்சு அருகிய பின்னும் பெயர் நிலைத்திருப்பது வியப்பாகவே இருக்கிறது.

1998இல் வெளியான நாணயத்தாள்களில், ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் எழுத்துக்கள் இந்திக்குக் கீழே இறக்கப்பட்டன. தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் மீளப் பெறப்பட்டு, பழைய ஒழுங்கிலேயே புதிதாக அச்சிடப்பட்டன.