பழைய ஏசியில் ஆர்-22 கேஸ்: தடை வந்துவிட்டதா, ஏசியை மாற்றியே ஆக வேண்டுமா?

ஏசி சரியாகக் குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிடுகிறீர்கள். வந்தவர் வெளியே இருக்கும் யூனிட்டைப் பார்த்துவிட்டு, "இது ஆர்-22 சார், கவர்ன்மென்ட் நிறுத்திட்டாங்க. வேற கேஸ் போட்டுடலாம், இல்லன்னா புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாடகை வீட்டில் ஓனர் விட்டுவைத்த ஏசியையோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏசியையோ வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பினால் உங்கள் பணமும் போகும், சில நேரம் பாதுகாப்பும் போகும்.

உங்கள் ஏசியில் என்ன கேஸ்?

வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். 'ரெஃப்ரிஜரண்ட்' என்ற இடத்தில் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 என ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே எத்தனை கிராம் அல்லது கிலோ என்ற அளவும் இருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

ஆர்-22 ஏன் நிறுத்தப்படுகிறது?

இந்த வாயுவில் குளோரின் இருக்கிறது. கசிந்து மேலே போனால் ஓசோன் படலத்தை அரிக்கும். பூமியைச் சூடாக்குவதிலும் மோசம்: 1 கிலோ ஆர்-22, சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசியில் இருப்பது ஏறத்தாழ 1 கிலோ. அது முழுதும் கசிந்தால், கிட்டத்தட்ட 780 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு ஈடு.

1987-ல் உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இந்தியா போன்ற வளரும் நாடுகள் இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2009, 2010-ம் ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக வைத்து 2020-ல் 35 சதவீதம், 2025-ல் 67.5 சதவீதம், 2030-ல் முழுமையாக என்பது அட்டவணை. பழைய மெஷின்களின் சர்வீஸுக்காக மட்டும் 2040 வரை மிகச் சிறிய அளவுக்கு இடம் உண்டு.

இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் புதிய ஏசி தயாரிப்பில் ஆர்-22 பயன்படுத்த முடியாது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஓடும் ஏசிக்குத் தடை இல்லை. அதை வைத்திருப்பதோ, ரிப்பேர் செய்வதோ, அதே கேஸை நிரப்புவதோ சட்டவிரோதம் அல்ல. சப்ளை குறையக் குறைய கேஸ் கிடைப்பதுதான் சிரமமாகும், விலையும் ஏறும்.

'கேஸ் தீர்ந்துபோச்சு' என்றால் என்ன அர்த்தம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே வாயு சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் வருடா வருடம் 'டாப் அப்' செய்வது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

அதற்கும் முன்னால், குளிர் குறைந்தாலே கேஸ் பிரச்சினை என்று முடிவு கட்ட வேண்டாம். அழுக்கான ஃபில்டர், தூசி அடைத்த வெளி காயில், பலவீனமான கெப்பாசிட்டர் எல்லாம் இதே அறிகுறியைக் காட்டும். பிரஷர் எவ்வளவு, கம்ப்ரஸர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேஸ்தான் குறைவு என்று உறுதியானால் இந்த வரிசையில் வேலை நடக்கிறதா என்று பாருங்கள்:

1. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து லீக் எங்கே என்று கண்டுபிடிப்பது. உள், வெளி யூனிட்டுகளின் செம்புக் குழாய் சேரும் நட்டுகளில்தான் முதலில் தேட வேண்டும்.
2. அந்த இடத்தைச் சரிசெய்து, மறுபடி பிரஷர் நிற்கிறதா என்று சோதிப்பது.
3. வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது.
4. ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, எடை போட்டு கேஸ் நிரப்புவது.

"இதெல்லாம் வேணாம் சார், பத்து நிமிஷத்துல போட்டுடறேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்போ வேற கேஸ் போடலாமா?

ஆர்-410ஏ, ஆர்-32: கூடவே கூடாது. இவற்றின் அழுத்தம் ஆர்-22-ஐ விட ஏறத்தாழ 1.6 மடங்கு. பழைய காயிலும் கம்ப்ரஸரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆயிலும் வேறு.

ஆர்-290: இது புரொப்பேன், எளிதில் தீப்பிடிக்கும். அழுத்தம் ஆர்-22-க்கு நெருக்கமாக இருப்பதால் சிலர் பழைய ஏசியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆர்-290-க்காகவே வடிவமைத்த ஏசிகள் இந்தியச் சந்தையில் உண்டு. அவற்றில் கேஸ் அளவுக்கும் மின் பாகங்களுக்கும் தனிப் பாதுகாப்பு செய்திருப்பார்கள். உங்கள் பழைய ஏசியில் அது கிடையாது. மூடிய படுக்கையறையில் லீக் ஆனால் ஒரு சிறு தீப்பொறி போதும்.

ஆர்-407சி: அழுத்தம் ஒத்துவரும். ஆனால் கம்ப்ரஸர் ஆயிலை மாற்ற வேண்டும், குளிரும் கொஞ்சம் குறையலாம். ஒரு பழைய வீட்டு ஏசிக்கு இந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

இருக்கிற ஆர்-22 மேலேயே இன்னொரு கேஸைக் கலப்பது எல்லாவற்றையும் விட மோசம். பிறகு எந்த அளவீடும் சரியாக வராது, அந்தக் கேஸை எடுத்து மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

லீக் இல்லாமல் ஒழுங்காக ஓடினால் ஓடட்டும். நட்டில் சின்ன லீக் என்றால் சரிசெய்து ஓட்டலாம். பத்து வருடத்துக்கு மேல் ஆகி, காயில் அரித்து லீக் ஆனாலோ கம்ப்ரஸர் போனாலோ அதில் மேலும் பணம் போடுவது வீண். ஸ்டார் ரேட்டிங் அளவுகோல் பலமுறை கடுமையாக்கப்பட்டிருப்பதால், இன்றைய 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி கரண்ட் பில்லையும் குறைக்கும்.

புதிது வாங்கும்போது கேஸையும் கேளுங்கள். ஆர்-410ஏ ஓசோனைப் பாதிக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஆர்-22-ஐயே மிஞ்சும். ஆர்-32 அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆர்-290 மிகமிகக் குறைவு. கிகாலி திருத்தத்தின்படி 2032 முதல் இந்தியா ஆர்-410ஏ, ஆர்-32 வகையையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வீடு மாறும்போதும், ஏசியைக் கழிக்கும்போதும்

ஏசியைக் கழற்றும்போது குழாயைத் திறந்து கேஸை அப்படியே காற்றில் விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். "பம்ப் டவுன் பண்ணிட்டு கழட்டுங்க" என்று சொல்லுங்கள். ஏசியை ஓடவிட்டு வால்வுகளை வரிசையாக மூடினால் கேஸ் முழுதும் வெளி யூனிட்டுக்குள் அடைந்துவிடும். புது வீட்டில் திரும்ப கேஸ் வாங்கும் செலவும் மிச்சம். கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால், கேஸை சிலிண்டருக்கு எடுக்கும் ரெகவரி மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும்.

கடைசியில் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். செம்புக்காகக் குழாயை வெட்டும் நொடியில் உள்ளே இருக்கும் கேஸ் அத்தனையும் காற்றில் கலந்துவிடும். ஏசி மின்கழிவு விதிகளுக்குள் வருவதால், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ தயாரிப்பு நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் திட்டத்திலோ கொடுக்கலாம்.