தங்க வயலின் தூசி நோய்

மைசூர் இராச்சியத்துக் கோலார் தங்க வயலில் 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை நடத்தலாயினர். மூணாற்று மலைகளுக்குத் தேயிலை பயிரிடச் சென்ற தமிழ் மக்களைப் போலவே, வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பல்லாயிரவர் பிழைப்பை நாடி அங்கே குடியேறினர். நிலத்தடியில் இறங்கிப் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழரே ஆவர்.

தங்கம் படிகக்கல்லின் இடையே இழையோடிக் கிடந்தது. கையுளியின் இடத்தில் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைகருவி வந்ததும் வேலை விரைந்தது, புழுதியும் பெருகிற்று. பருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கினும் சிறிய சிலிகாத் துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும். அதனை விழுங்க முற்படும் உடலின் காவல் அணுக்கள் தாமே மாள்கின்றன, அவ்விடம் தழும்பேறுகிறது. தழும்பு பரவப் பரவ, பஞ்சு போன்ற நுரையீரல் விறைத்துப்போகிறது. பல ஆண்டுகள் கழித்தே மூச்சுத் திணறல் தோன்றும். வேலையை விட்ட பின்னரும் நோய் வளரக்கூடும். 1870-இல் இத்தாலியில் இதற்குச் சிலிகோசிஸ் என்னும் பெயர் இடப்பட்டது.

இந்நோய் காசத்தை ஒத்திருக்கும். சிலிகா படிந்த நுரையீரலில் காசக் கிருமியும் எளிதில் குடியேறும். காசம் என்று எழுதிவிட்டால் அது தொழிலாளியின் தலைவிதி. தூசி நோய் என்று எழுதினால் முதலாளியின் பொறுப்பு. எனவே நோயின் பெயர் சிறு செய்தியன்று. 1940 முதல் 1946 வரை கோலாரில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, பத்துப் பேரில் நால்வருக்கு மேற்பட்டோரிடம் சிலிகோசிஸ் காணப்பட்டது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் பின்னர் இந்நோய் இடம்பெற்றது.

கோலார்ச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நோய் மூடப்படவில்லை. கல் உடைக்கும் இடங்களிலும், கற்பொடி ஆலைகளிலும், மந்த்சௌரின் பலகைக்குச்சித் தொழிலிலும் அது தொடர்ந்தது. ஏற்பட்ட தழும்பைக் கரைக்கும் மருந்து இல்லை. நீர் பாய்ச்சித் துளைத்தல், காற்றோட்டம், காலந்தோறும் எக்ஸ்ரே பரிசோதனை ஆகியவற்றால் நோய் வருமுன் காக்க இயலும்.

நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். மருத்துவர் கேட்க மறப்பினும், நீடித்த இருமலுடன் செல்பவர் தாம் செய்த தொழிலைத் தாமே எடுத்துரைத்தல் நலம்.