தோள்வழி வாசிப்பு: ஒரு வரலாற்றுப் பார்வை

நூல்களின் வரலாற்றை எழுதுவோர், எழுதியவர் யார், அச்சிட்டவர் யார், விலை என்ன என்பவற்றைக் குறித்து வைப்பர். அந்நூல் எங்கே, எவ்வாறு, யார் அருகில் அமர்ந்து படிக்கப்பட்டது என்பது பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. இரயிலிலும் பேருந்திலும் முன்பின் அறியாத ஒருவர் விரித்திருக்கும் தாளை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படிப்பது அவ்வாறு குறிக்கப்படாத வாசிப்புகளுள் ஒன்று. நாகரிகக் குறைவு என்று அது எளிதில் ஒதுக்கப்படுகிறது. தமிழர் வாசிப்பு வரலாற்றோடு சேர்த்து நோக்குங்கால் அவ்வாறு ஒதுக்கிவிட இயலவில்லை.

செவியும் கண்ணும்

ஏட்டுச்சுவடிக் காலத்திலும், அச்சு வந்த பின் நெடுநாள் வரையிலும், வாசிப்பு என்பது பெரும்பாலும் ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கேட்பதாகவே இருந்தது. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாரதமும் இராமாயணமும் படிக்கப்பட்டன. அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை முதலிய பெரிய எழுத்துப் பதிப்புகள் இத்தகைய கூட்டு வாசிப்புக்கு ஏற்றவையாக அமைந்தன. எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தால் தெரு முழுமைக்கும் போதும். ‘என் புத்தகத்தில் உனக்கென்ன பார்வை’ என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை.

1879ஆம் ஆண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் இந்தியாவில் கால் அணா விலையில் அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. நாவல், தனித்திருந்து மௌனமாகப் படிக்கும் பழக்கத்தை வளர்த்தது. அஞ்சலட்டையோ எழுதியவரும் பெறுபவரும் அன்றி இடையில் உள்ளோர் அனைவரும் படிக்கத்தக்க எழுத்தாக ஊர் ஊராகச் சென்றது. இவ்விரண்டும் ஓராண்டில் நேர்ந்தது தற்செயலே. எனினும் தனிமையும் பொதுமையும் ஆகிய இரு போக்குகளும் ஒரே காலத்தில் நம் எழுத்துலகில் வேர்கொண்டன என்பதற்கு அவ்வாண்டு நல்ல அடையாளம்.

பெட்டிக்குள் அயலார்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. கடற்கரை – தாம்பரம் மின்சார இரயில் 1931இல் வந்தது. உறவும் ஊரும் அறியாதவர்கள் தோளோடு தோள் உரச நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டிய நிலையை இவை உண்டாக்கின. பொது ஊர்திகள் தோன்றுமுன் மனிதர் ஒருவரையொருவர் பேசாமல் நெடுநேரம் பார்த்திருக்க நேர்ந்ததில்லை என்று ஜெர்மானியச் சமூகவியலறிஞர் கியோர்க் சிம்மல் 1908இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தார்.

மேலைநாட்டார் பலர் இச்சங்கடத்தைத் தீர்க்கப் புத்தகத்தை நாடினர். 1848இல் இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் புத்தகக்கடை திறந்தது. விரித்த நூல் அங்கே ஒரு திரைச்சீலையாயிற்று. தமிழகத்து இரயில் பெட்டியிலோ விரித்த நாளிதழ் பந்திப்பாய் ஆயிற்று எனலாம். 1882இல் தோன்றி 1899இல் நாளிதழான சுதேசமித்திரனும், 1942இல் மதுரையில் பிறந்த தினத்தந்தியும் வாங்கியவரோடு நின்றுவிடவில்லை. தாள் தாளாகப் பிரிந்து இருக்கை இருக்கையாகச் சென்றன.

இப்பகிர்வுக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. காசு கொடுத்தவர் முதற்பக்கத்தைப் படித்து மடிக்கும் வரை கேட்டலாகாது. கேட்கும்போது நடுத்தாளையே கேட்க வேண்டும். ஓரக்கண்ணால் படிப்பவர், பக்கம் புரட்டப்படுமுன் முடிக்க இயலாவிடில் மனக்குறையோடு அமைதி கொள்ள வேண்டும். ‘சற்றுப் பொறுங்கள்’ என்னும் உரிமை அவருக்கில்லை. படித்த செய்தியைப் பற்றி உரியவர் வாய் திறந்த பின்னரே கருத்துரைக்கலாம். இறங்குமுன் தாள்களை வரிசைப்படுத்தித் திருப்பித் தருதல் கடன். தொடர்கதை வரும் வார இதழை மட்டும் கேட்பதற்கு எவரும் தயங்குவர். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த காலத்தில், அவ்விதழை அயலாரிடம் இரவல் கொடுக்க எவருக்குத்தான் மனம் வந்திருக்கும்!

கைமாறிய தாள்

இப்பழக்கத்தைச் சிறிய செய்தியாகக் கருதலாகாது. இரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம், பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் ஒழிந்தது. நிலையத்தில் உடனுண்ண மறுத்த சமூகம், பெட்டிக்குள் யார் கையிலிருந்து வந்தது என்று கேளாமல் ஒரு தாளை வாங்கிப் படித்தது. சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் ஒரே தாளின் மீது இரு வேறு குலத்தாரின் கண்கள் ஒருசேரப் படிந்தன என்பது நம் சமூக வரலாற்றில் குறிக்கத்தக்கதே.

எனினும் இதனைப் பொதுவுடைமை வாசிப்பு என்று முற்றிலும் போற்றிவிடவும் இயலாது. தாளைக் கேட்பதும் கொடுப்பதும் பெரிதும் ஆடவர் வழக்கமாகவே இருந்தன. 1925இல் வை.மு. கோதைநாயகி அம்மாள் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய காலத்தில், பெண் நாவல் படிப்பதே ஐயத்துடன் நோக்கப்பட்டது. அடுக்களை வேலை ஓய்ந்த பின் கிடைத்த சிறு தனிமை அவளுக்கு வாதாடிப் பெற்ற உரிமை. பயணத்தில் அவள் தோளுக்கு மேல் நீண்ட பார்வை எப்போதும் எழுத்தின் மீதே விழுந்தது என்றும் கூறமுடியாது. நூலுக்கு அட்டையிட்டு மறைத்து, சாளரப் பக்கம் திரும்பி அமர்ந்து படித்த பெண்ணைப் பகிர மறுத்தவள் என்று பழித்தல் பொருந்துமா? தனக்கென ஒன்று உடையவனே பகிரவும் இயலும். தனிமையே வாய்க்காதவளிடம் பகிர்வை எதிர்பார்ப்பது பகிர்வு ஆகாது.

ஒளித்திரை

இன்று பயணியர் கையில் இருப்பது பெரும்பாலும் கைப்பேசி. நாளிதழ், நாவல், தாயின் கடிதம், வங்கிக் கணக்கு அனைத்தும் அந்த ஒரே திரையில் மாறி மாறித் தோன்றுகின்றன. பழைய இலக்கணம் இதற்குப் பொருந்தாது. அச்சுத்தாள் பலருக்கென எழுதப்பட்டது. திரையில் தோன்றுவது ஒருவருக்கென எழுதப்பட்டதாக இருக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் அரசுக்கு எல்லை வகுத்தது. அடுத்த இருக்கைக்காரரின் கண்ணுக்கு எல்லை வகுப்பது பண்பாடு ஒன்றே. பார்வையை விலக்கிக்கொள்வதே இன்றைய மரியாதை.

அதற்குரிய விலையும் உண்டு. அருகிலிருப்பவர் என்ன படிக்கிறார் என்று அறிந்து, ‘இந்த நூல் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டுத் தொடங்கிய நட்புகள் அருகி வருகின்றன.

இங்கே கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1967இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்திற்குப் பின் தமிழக அரசுப் பேருந்துகளில் திருக்குறள் எழுதப்பட்டது. இலண்டன் சுரங்க இரயில்களில் 1986 முதல் கவிதைகள் இடம்பெற்று வருகின்றன. ஏழு சீர்களை இரண்டு நிறுத்தங்களுக்கிடையே எவரும் படித்து முடிக்கலாம். அங்கு வாங்கியவர் என்றும் எட்டிப் பார்ப்பவர் என்றும் பிரிவில்லை. எவர் தனிமையையும் குலைக்காமல் அனைவர்க்கும் உரியதாகும் எழுத்து அரிது. பேருந்தின் சுவரில் அது கைகூடியிருக்கிறது. நின்றுகொண்டே பயணம் செய்பவரும் படிக்கத்தக்க கவிதைகளை எழுதுவது இலக்கிய அமைப்புகளின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக அமைதல் நலம்.