தங்கப் பூவும் 1500 ரூபாயும்

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். போட்டிக்கு அவர் அனுப்பிய கவிதை தேர்வாகியிருக்கிறதாம். தொகுப்பு நூலில் இடம்பெற 1500 ரூபாய் கட்ட வேண்டுமாம். புத்தகமும் சான்றிதழும் தபாலில் வருமாம்.

"அனுப்பட்டுமாங்க?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் சொன்ன துலூஸ் நகரத்துக் கதை நினைவுக்கு வந்தது.

தென் பிரான்சில் உள்ள அந்த ஊரில், 1323 நவம்பரில், கவிதைப் பித்துப் பிடித்த ஏழு பேர் கூடினார்கள். அந்தப் பக்கத்து ஒக்சித்தான் மொழிக் கவிஞர்களுக்குச் செய்யுளிலேயே ஓர் அழைப்பு அனுப்பினார்கள். சிறந்த பாட்டுக்குத் தங்கத்தில் செய்த வயலெட் பூ பரிசு. 1324 மே 3-ஆம் நாள், மாதா மீது பாடிய பாட்டுக்காக அர்னோ விதால் என்பவர் அந்தப் பூவைப் பெற்றார். பிறகு பூவின் செலவை நகர நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது என்ற கேள்வி வரக்கூடாதென்று யாப்பிலக்கண நூல் ஒன்றையும் எழுதவைத்தார்கள். 1694-இல் பதினான்காம் லூயி மன்னர் அந்தச் சபையை அகாதெமி ஆக்கினார். 'மலர் விளையாட்டுகள்' என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

1819-இல் அங்கே தங்க லில்லிப் பூவை வென்றவர் பதினேழு வயதுப் பையன். பெயர் விக்தோர் உய்கோ!

ஆனால் பரிசு வாங்கியவர் எல்லாருக்கும் புத்தகம் அமைந்துவிடவில்லை. ஆர்தூர் ரெம்போ 1869-இல், பதினான்கு வயதில், பள்ளி மாணவர்களுக்கான லத்தீன் செய்யுள் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். மறு வருஷம், பாரிசில் வெளிவந்த ஒரு கவிதைத் தொகுப்பில் இடம் கேட்டுக் கவிஞர் பான்வீலுக்குக் கடிதம் எழுதினார். இடம் கிடைக்கவில்லை. 1873-இல் பிரஸ்ஸல்ஸில் 'நரகத்தில் ஒரு பருவம்' நூலைத் தன் செலவில் 500 பிரதி அச்சடிக்கக் கொடுத்தார். மீதிப் பணம் கட்ட முடியவில்லை. சில பிரதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றவை அச்சகக் கிடங்கிலேயே கிடந்து 1901-இல்தான் கண்டெடுக்கப்பட்டன. அப்போது அவர் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

அச்சேற இன்னொரு வழி இதழ்கள். நம் பாரதிதாசன் 1935-இல் கவிதைக்கென்றே 'கவிதா மண்டலம்' என்ற இதழைத் தொடங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

துலூஸில் செலவு பரிசு கொடுத்தவர்களுடையது. ரெம்போவின் புத்தகச் செலவு ரெம்போவுடையது. அவரிடம் யாரும் "நீ ஜெயித்துவிட்டாய்" என்று சொல்லிப் பணம் கேட்கவில்லை. தன் காசில் புத்தகம் போடுவதில் ஒரு குறைவும் இல்லை. ஜெயித்தவரிடமே காசு கேட்டால் அது பரிசு இல்லை, வியாபாரம்.

மறுநாள் இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அந்தப் பணத்தில் இங்கேயே ஓர் அச்சகத்தில் அவருடைய பத்துக் கவிதைகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம் என்றேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "நேத்து ராத்திரியே பேரன் போன்ல அனுப்பிட்டாங்க" என்றார்.

கேட்ட அன்றே சொல்லியிருக்கலாம். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமென்று நினைத்தேன். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் எழுதினேன்.

நண்பரின் கவிதையைப் படித்துப் பார்த்தேன். நல்ல கவிதைதான்.